கோடீஸ்வரர் மைக்கைப் புடிச்சு டாரிஃப் பத்தி பேசினா எப்படி கேக்குறது

2025 ஆகஸ்ட்ல எங்க ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்ல மாமா ஒரு மெசேஜ் போட்டார், "ட்ரம்ப் நம்ம மேல 50 பர்சன்ட் வரி போட்டுட்டாராமே, அதை கவர்ன்மென்ட் கட்டுமா நாம கட்டணுமா"ன்னு. எல்லாரும் சிரிக்கிற எமோஜி போட்டுத் தள்ளினாங்க, நானும்தான் போட்டேன், அப்புறம் யோசிச்சா டிவில நாலு பேர் உக்காந்து ஒரு மணி நேரம் கத்தினதுல இந்தக் கேள்விக்கு ஒருத்தரும் பதில் சொல்லல. மாமா கேட்டதுதான் மொத கேள்வி. அவருக்கு போன்ல வெளக்கினதையே கொஞ்சம் நீட்டி இங்க எழுதுறேன், அமெரிக்காவுல ஒரு பிரபல பிசினஸ்மேன் ஜனாதிபதி நாற்காலிக்கு ஆசைப்பட்டு டாரிஃப், அதாவது இறக்குமதி வரியைப் பத்தி பேசினா அந்தப் பேச்சை எப்படிப் பிரிச்சுப் பாக்குறதுன்னு. நான் எக்கனாமிக்ஸ் படிச்சவன் கெடையாது, பேப்பர் படிக்கிறவன், அவ்ளோதான்.

மொதல்ல பில்லை புடிங்க. யார் கையில இருந்து காசு போகுதுன்னு பாக்காம ஒரு வார்த்தையும் நம்பாதீங்க. திருப்பூர்ல ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனில மெர்ச்சண்டைசரா இருக்குற ஃப்ரெண்ட் சொல்லிக் குடுத்த கணக்கு இது, ஒரு காட்டன் டி-ஷர்ட் 4 டாலருக்கு கப்பல் ஏறுதுன்னு வச்சுக்கோங்க, அதுக்கு ட்ரம்ப் வர்றதுக்கு முன்னாடியே அமெரிக்காவுல 16.5 சதவீதம் வரி இருந்துச்சு, அதாவது 66 சென்ட். அதுக்கு மேல 50 சதவீதம்னா இன்னொரு 2 டாலர். மொத்தம் 2 டாலர் 66 சென்ட். இந்தக் காசை அந்த ஊர் துறைமுகத்துல அந்த ஊர் கஸ்டம்ஸ்ல கட்டுறது அதை வரவழைக்கிற அமெரிக்க கம்பெனி. டெல்லில யாரும் செக் எழுதல, மாமாவும் எழுத வேண்டாம்.

ஆனா அதோட முடியல. கட்டின கம்பெனிக்கு மூணு பாக்கெட் இருக்கு, தன் லாபத்துல கொறச்சுக்கலாம், கடையில வெலைய ஏத்தலாம், இல்ல திருப்பூருக்கு மெயில் போட்டு "டிஸ்கவுண்ட் குடு, இல்லன்னா ஆர்டர் பங்களாதேஷுக்கு"ன்னு சொல்லலாம். பங்களாதேஷுக்கும் வியட்நாமுக்கும் அப்போ 20 சதவீதம்தான், அதனால அந்த மெரட்டலுக்கு வெயிட் இருந்துச்சு. "சீனா கட்டுது, நாம சம்பாதிக்கிறோம்"னு ட்ரம்ப் பேசினாருல்ல, அதுல எவ்வளவு உண்மைன்னு 2018-19ல போட்ட வரிகளை எடுத்து பொருளாதார நிபுணர்கள் ஆராய்ஞ்சாங்க, கிட்டத்தட்ட முழு பாரமும் அமெரிக்கப் பக்கமே விழுந்துச்சுன்னுதான் வந்துச்சு. ஸ்டீல்ல மட்டும் கொஞ்சம் வேற மாதிரி, கொஞ்ச நாள் போனதும் வெளிநாட்டு ஆலைகள் வெலைய எறக்கிக் குடுத்தாங்க. அதனால "முழுசா அவங்கதான்"னு சொன்னாலும் "ஒரு பைசா கூட அவங்க இல்ல"ன்னு சொன்னாலும் எந்த சரக்கு, எந்த வருஷம்னு திருப்பிக் கேளுங்க.

அடுத்தது, ஆளோட பழைய பேச்சைத் தோண்டுங்க. இது எனக்குப் புடிச்ச வேலை. ட்ரம்ப் டாரிஃப் பேச்சை 2015ல கண்டுபிடிச்ச மாதிரி நெறைய பேர் பேசுறாங்க. 1987 செப்டம்பர் 2ஆம் தேதி நியூயார்க் டைம்ஸ், வாஷிங்டன் போஸ்ட், பாஸ்டன் குளோப் மூணு பேப்பர்லயும் முழுப் பக்கம் விளம்பரம் குடுத்திருக்கார், செலவு 94,801 டாலர், அன்னைக்கு அவர் வெறும் ரியல் எஸ்டேட் பார்ட்டி. ஜப்பானும் மத்த பணக்கார நாடுகளும் நம்ம தலையில மொளகா அரைக்கிறாங்க, அவங்களைப் பாதுகாக்க நாம ஏன் செலவு பண்ணணும், அவங்க கிட்ட வசூல் பண்ணுங்கன்னு அதுல இருக்கு. அடுத்த மாசமே நியூ ஹாம்ப்ஷயர் போய் ஒரு ரோட்டரி கிளப்ல பேசுறார். நியூ ஹாம்ப்ஷயர்தான் ஜனாதிபதி தேர்தல் ரேஸ்ல சீக்கிரமா ஓட்டு போடுற ஊரு, சும்மா காத்து வாங்க யாரும் அங்க போக மாட்டாங்க. 1990ல ஒரு பத்திரிகை பேட்டில, உள்ள வர்ற ஒவ்வொரு பென்ஸ் காருக்கும் ஜப்பான் சரக்கு அத்தனைக்கும் வரி போடுவேன்னார். 2011ல சீனா மேல 25 சதவீதம்னார்.

இதோட பக்கத்துலயே அவர் கட்சிக் கணக்கையும் வச்சுப் பாருங்க, சுவாரசியமா இருக்கும். 1987ல ரிபப்ளிகன், 1999ல ரிஃபார்ம் பார்ட்டி, 2001ல டெமாக்ரட், 2009ல மறுபடி ரிபப்ளிகன். கட்சி திரும்பத் திரும்ப மாறியிருக்கு, வரி மட்டும் மாறல, எதிரி பேரு ஜப்பான்ல இருந்து சீனாவாச்சு, 2025ல உலகம் மொத்தமும் ஆச்சு. இதுல இருந்து நான் எடுத்துக்கிட்டது என்னன்னா, கூட்டத்துக்கு கூட்டம் மாறுற விஷயத்தை ஓட்டுக்காக சொல்றதா வச்சுக்கலாம், 35 வருஷமா மாறாத விஷயத்தை ஆள் நெஜமாவே நம்புறாருன்னு எடுத்துக்கணும். 2024 தேர்தலப்போ "சும்மா மெரட்டுறார், செய்ய மாட்டார்"னு எழுதின ஆளுங்க இந்த லிஸ்ட்டை ஒரு தடவை பாத்திருந்தா அப்படி எழுதியிருக்க மாட்டாங்க.

அந்த ரிஃபார்ம் பார்ட்டின்னு சொன்னேன்ல, அது யாரு கட்சின்னு தெரிஞ்சா இன்னும் ஒரு கதவு தொறக்கும். ராஸ் பெரோ. டெக்சாஸ்காரர், 1962ல 1000 டாலர் வச்சு ஈடிஎஸ்னு ஒரு கம்ப்யூட்டர் கம்பெனி ஆரம்பிச்சு 1984ல ஜெனரல் மோட்டார்ஸுக்கு 250 கோடி டாலருக்கு வித்தவர். 1992ல லாரி கிங் டிவி ஷோல உக்காந்து, ஐம்பது மாநிலத்துலயும் என் பேரை ஓட்டுச்சீட்டுல ஏத்துங்க நிக்குறேன்னு சொல்லி, நடுவுல ஜூலைல வெலகி, அக்டோபர்ல மறுபடி வந்து, தன் காசுல அரை மணி நேரம் டிவில டைம் வாங்கி கையில குச்சியோட சார்ட் காட்டி வாத்தியார் மாதிரி பாடம் நடத்தினார். ஜனங்க பாத்தாங்க! 18.9 சதவீதம் ஓட்டு வாங்கினார், ஆனா ஒரு மாநிலம் கூட ஜெயிக்கல. மெக்சிகோ கூட நாஃப்டாங்கற சுதந்திர வர்த்தக ஒப்பந்தம் போட்டா வேலையெல்லாம் தெக்கால உறிஞ்சிட்டுப் போற பெரிய சத்தம் கேக்கும்னு விவாத மேடைல சொன்னது இவர்தான், இன்னைக்கும் அமெரிக்காவுல அந்த சத்தத்தைச் சொன்னா வயசானவங்களுக்கு இவர் மூஞ்சி ஞாபகம் வரும்.

இவரை ஏன் இழுக்குறேன்னா, பிசினஸ்மேன் டாரிஃப் பேச்சை எப்படி சோதிக்கிறதுன்னு அங்க ஒரு டெமோவே நடந்துச்சு. 1993 நவம்பர் 9, அதே லாரி கிங் ஷோ, எதிர்ல துணை ஜனாதிபதி அல் கோர். கோர் ஒரு ஃபிரேம் போட்ட போட்டோவைக் கொண்டாந்து பெரோ கையில குடுத்தார், ஸ்மூட், ஹாலி ரெண்டு பேரும் இருக்குற படம். 1930ல இறக்குமதி வரியைத் தாறுமாறா ஏத்தின சட்டத்துக்கு அவங்க பேருதான், ஆயிரத்துக்கு மேல பொருளாதார நிபுணர்கள் கையெழுத்துப் போட்டு வேண்டாம்னு கெஞ்சியும் அப்போதைய ஜனாதிபதி ஹூவர் கையெழுத்துப் போட்ட சட்டம். பெரோ வாங்கி மேசைல கவுத்து வச்சார். போட்டோ வெறும் நாடகம், சரிதான், அதைவிட கோர் கேட்ட இன்னொன்னு முக்கியம், டெக்சாஸ்ல உங்க குடும்பத்துக்கு ஒரு ஏர்போர்ட் பக்கத்துல வர்த்தக மண்டலம் இருக்கே, நாஃப்டா வந்தாலும் வராட்டாலும் உங்களுக்கு லாபம்தானேன்னு. பெரோவுக்கு எரிச்சல், என்னை முடிக்க விடுங்கன்னு திரும்பத் திரும்ப சொன்னார், அது டிவில நல்லா இல்ல. எட்டே நாள்ல, நவம்பர் 17, ஒப்பந்தம் பிரதிநிதிகள் சபையில 234க்கு 200ன்னு பாஸ் ஆச்சு.

அதனால நீங்களும் கேக்கணும், பேசுறவர் சரக்கு எங்க தயாராகுது, அவர் குடும்பம் எதுல முதல் போட்டிருக்கு. ட்ரம்ப் பேர்ல வித்த டைங்க சீனாவுல செஞ்சதுதான், 2012ல ஒரு டிவி ஷோலயே அதைக் காட்டிக் கேட்டாங்க. இதுனால அவர் வாதம் தப்புன்னு ஆகிடாது, பிசினஸ்மேனா இருக்குறப்போ மலிவா கெடைக்கிற எடத்துல வாங்குறவர் தலைவரானதும் மத்தவனை வாங்காதன்னு சொல்றப்போ அந்த எடைவெளி எவ்வளவுன்னு தெரிஞ்சு வச்சுக்கலாம்.

இப்போ கொஞ்சம் கஷ்டமான எடம், கணக்கு. 2025 ஏப்ரல் 2ஆம் தேதி வெள்ளை மாளிகை தோட்டத்துல பெரிய அட்டையைத் தூக்கிக் காட்டினாருல்ல, அதுல இந்தியா அமெரிக்கா மேல 52 சதவீதம் போடுதாம், அதனால நாங்க பாதி 26ன்னு இருந்துச்சு. 52ங்கறது இந்திய கஸ்டம்ஸ் வரி ரேட் இல்லவே இல்ல. 2024ல அமெரிக்கா இந்தியா கிட்ட வாங்கினது சுமார் 87.4 பில்லியன் டாலர், அவங்களுக்கு விழுந்த பற்றாக்குறை, அதாவது வித்ததைவிட வாங்கினது கூடின அளவு, 45.7 பில்லியன், இந்தப் பற்றாக்குறையை அந்த 87.4ஆல வகுத்தா 52 சதவீதம் வருது, பாதி பண்ணா 26, அவ்ளோதான் மேட்டர். கால்குலேட்டர்ல போட்டுப் பாருங்க. வியட்நாமுக்கு இதே மாதிரி வகுத்தா 90, அட்டையில 46. அதுவும் சரக்கு மட்டும் எடுத்த கணக்கு, அமெரிக்கா உலகத்துக்கு விக்கிற சாஃப்ட்வேர், பேங்கிங், காலேஜ் படிப்பு எதுவும் இதுல சேரல. மனுஷங்களே இல்லாம பெங்குவின் மாதிரி உயிரினங்க மட்டும் இருக்குற ஹேர்ட் மெக்டொனால்ட் தீவுக்கும் 10 சதவீதம் விழுந்து உலகமே சிரிச்சுச்சு.

ஏன் இந்தக் கணக்கு பிசினஸ்மேன் மூளைக்கு சரின்னு படுதுன்னு நான் யோசிச்சிருக்கேன். ஒரு கம்பெனிக்கு செலவு வரவைவிட அதிகமா இருந்தா நஷ்டம், மூடணும். அதே கண்ணால நாட்டைப் பாத்தா பற்றாக்குறைன்னா யாரோ நம்மளை ஏமாத்துறாங்கன்னு தோணும். ஆனா நான் முடி வெட்டுறவர் கிட்ட வருஷம் பூரா பற்றாக்குறைதான், அவர் என் கிட்ட எதுவுமே வாங்கினதில்ல, அதுக்காக அவர் மேல வரி போட்டா என் தலைமுடிதான் வளரும். கட்டடம் விக்கிறதுல ஒருத்தன் ஜெயிச்சா எதிராளி தோத்தான்னு அர்த்தம் வரலாம், வியாபாரம் நாள் பூரா அப்படி நடக்குறதில்ல.

சரி, அடுத்து இந்த வரி எதுக்குன்னு கேளுங்க, பதில் மூணு விதமா வரும். ஒன்னு கஜானாவுக்கு காசு, ஒன்னு ஃபேக்டரி திரும்பி வரணும், ஒன்னு மெரட்டி ஒப்பந்தம் வாங்கணும். மூணையும் ஒரே பேச்சுல சொன்னா காதைக் கூர்மையாக்கிக்கோங்க. ஃபேக்டரி திரும்பி வந்துட்டா இறக்குமதி கொறையும், அப்போ வரிப்பணம் எங்க இருந்து வரும், ஒப்பந்தம் முடிஞ்சு வரியை எடுத்துட்டா காசும் இல்ல ஃபேக்டரியும் இல்ல, எவனாவது நாலு வருஷத்துக்கு நிக்காத வரியை நம்பி முதல் போட்டு ஆலை கட்டுவானா. கூழுக்கும் ஆசை மீசைக்கும் ஆசை. 2025ல சீனா மேல ஏப்ரல்ல 145 சதவீதம் வரைக்கும் போய் மே மாசமே 30க்கு எறங்கினப்போ நெறைய சின்ன இறக்குமதிக்காரங்க நொந்துபோனதுக்குக் காரணம் ரேட்டைவிட இந்த ஆட்டம்தான்.

ஃபேக்டரி வருமான்னு கேட்டா வரும், அதையும் ஒத்துக்கணும். வாஷிங் மெஷின் கதையைப் பாருங்க, இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கெடைக்கல. வேர்ல்பூல் கம்பெனி முறையிட்டு, 2018 ஜனவரில வாஷிங் மெஷின் இறக்குமதிக்கு மொத 12 லட்சம் மெஷினுக்கு 20 சதவீதம், அதுக்கு மேல வர்றதுக்கு 50னு வரி வந்துச்சு. சாம்சங் சவுத் கரோலினாவுல ஆலை போட்டான், எல்ஜி டென்னசில போட்டான். மூணு கம்பெனிக்கும் சேர்த்து சுமார் 1,800 வேலை. வெலை? வாஷர் 12 சதவீதம் கிட்ட ஏறுச்சு. அதைவிட வேடிக்கை, டிரையருக்கு வரியே கெடையாது, அதுவும் அதே அளவு ஏறுச்சு, ஏன்னா அந்த ஊர்ல ரெண்டையும் ஜோடியாதான் வாங்குவாங்க, கடைக்காரன் ரெண்டு மேலயும் பிரிச்சு ஏத்திட்டான். சிகாகோ பல்கலைக்கழகமும் அமெரிக்காவோட மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வும் சேர்ந்த ஆய்வாளர்கள் கணக்கு போட்டா ஜனங்களுக்கு வருஷத்துக்கு சுமார் 150 கோடி டாலர் கூடுதல் செலவு, ஒரு வேலைக்கு 8,15,000 டாலர். அந்த வேலை கெடைச்சவன் சம்பளம் அதுல ஒரு சின்ன துண்டுதான். ஆனா தேர்தல்ல போட்டோ எடுக்க ஆலை இருக்கும், 90 டாலர் கூட குடுத்தவன் வீட்டுக்கு கேமரா போகாது. இதைக் கண்டுபிடிக்க பழகிட்டீங்கன்னா பாதி வித்தை வந்துடுச்சு.

இவ்ளோ சொல்றேன்னா டாரிஃப் பேச்சைக் கேட்டு கை தட்டுறவங்க எல்லாம் முட்டாள்னு நெனச்சுடாதீங்க, படிச்சவங்க இந்த எடத்துலதான் வழுக்குறாங்க. 2001 டிசம்பர்ல சீனா டபிள்யூடிஓங்கற உலக வர்த்தக அமைப்புல சேர்ந்துச்சு. 2000ல அமெரிக்காவுல ஃபேக்டரி வேலை 1 கோடியே 70 லட்சத்துக்கு மேல, 2010ல 1 கோடியே 15 லட்சம் கிட்ட. எல்லாம் சீனாவால இல்ல, மெஷினும் காரணம், 2008 சரிவும் காரணம், ஆனா 1999ல இருந்து 2011 வரைக்கும் சீன இறக்குமதியால மட்டும் 20 லட்சத்துக்கு மேல வேலை போச்சுன்னு கணக்கு போட்ட ஆய்வு இருக்கு, அதுவும் ஊர் ஊரா குவிஞ்சு போச்சு. நார்த் கரோலினாவுல ஃபர்னிச்சர் ஊரு, ஒஹாயோவுல ஸ்டீல் ஊரு. ஒரே மில்லை நம்பி இருந்த ஊர்ல மில்லு மூடினா என்ன ஆகும்னு கோயம்புத்தூர்க்காரங்களுக்கு நான் சொல்லத் தேவையில்ல. மலிவா டி-ஷர்ட் கெடைச்சது நாடு முழுக்க எல்லாருக்கும், வேலை போனது அந்த ஊருக்கு மட்டும். ரெண்டு கட்சியும் "புதுசா டிரெய்னிங் எடுத்துக்கோ"ன்னு சொல்லிட்டுப் போனப்போ பெரோவும் ட்ரம்பும்தான் அவங்க பேரைச் சொன்னாங்க. நோயைச் சரியா சொன்னவர் மருந்தையும் சரியா சொல்லுவார்னு நம்புறது மனுஷ இயல்பு, நீங்க கேக்குறப்போ அந்த ரெண்டையும் தனித்தனியா எடை போடுங்க.

எதிராளி சும்மா இருப்பானான்னும் கொஞ்சம் யோசிச்சுக்கோங்க. 2018 ஜூலைல சீனா அமெரிக்க சோயாபீன் மேல 25 சதவீதம் போட்டான், பிரேசில்ல வாங்கிக்கிட்டான், அமெரிக்க அரசாங்கம் விவசாயிகளுக்கு ரெண்டு வருஷத்துல சுமார் 2,300 கோடி டாலர் நிவாரணம் குடுத்துச்சு. வரில வந்த காசு எங்க போச்சுன்னு தேடுறவங்க அந்தப் பக்கம் பாக்கலாம்.

அப்புறம் எந்தச் சட்டத்துல போடுறார்னு பாருங்க, போரடிக்கும், ஆனா இதுதான் நாளைக்கு என்ன நடக்கும்னு சொல்லும். அரசியல் சாசனப்படி வரி போடுற அதிகாரம் காங்கிரஸுக்கு, அதாவது அவங்க நாடாளுமன்றத்துக்கு, அவங்கதான் கொஞ்சம் கொஞ்சமா ஜனாதிபதிக்குக் கை மாத்திக் குடுத்தாங்க. 1962 சட்டத்துல 232ஆம் பிரிவு, தேசப் பாதுகாப்பு, ஸ்டீலுக்கும் அலுமினியத்துக்கும் போட்டது. 1974 சட்டத்துல 301, சீனா மேல போட்டது. இதுக்கெல்லாம் விசாரணை, அறிக்கைன்னு நடைமுறை இருக்கு, மெதுவா வரும், ஆனா நிக்கும். 2025ல உலகம் மொத்தத்துக்கும் போட்டது 1977 அவசரகால பொருளாதார அதிகாரச் சட்டத்துல, அதுல டாரிஃப்ங்கற வார்த்தையே கெடையாது. கேஸ் போட்டவங்கள்ல சின்னச் சின்ன கம்பெனிக்காரங்களும் இருந்தாங்க, அதுல குழந்தைங்களுக்கு படிப்பு பொம்மை விக்கிற ஒரு கம்பெனியும் உண்டு. 2026 பிப்ரவரி 20ஆம் தேதி உச்ச நீதிமன்றம் 6-3ன்னு அந்தச் சட்டம் வரி போட அதிகாரம் குடுக்கலன்னு சொல்லிடுச்சு, ட்ரம்ப்பே நியமிச்ச நீதிபதிங்க ரெண்டு பேர் அந்த ஆறுல இருந்தாங்க. அவர் விட்டாரா, அன்னைக்கே அந்த 1974 சட்டத்தோட 122ஆம் பிரிவைத் தூக்கினார், அது 15 சதவீதத்துக்கு மேல போக முடியாது, 150 நாள்தான், அதுக்கு மேல காங்கிரஸ் கிட்ட போகணும். எந்தப் பிரிவுன்னு தெரிஞ்சா எவ்வளவு, எத்தனை நாள்னு நீங்களே சொல்லிடலாம், டிவி தேவையில்ல.

கடைசியா, அறிவிச்ச தேதியையும் அமலுக்கு வர்ற தேதியையும் போட்டுக் கொழப்பிக்காதீங்க. ட்வீட் வந்தா வரி வந்துச்சுன்னு அர்த்தம் கெடையாது, நம்ம ஊர் அரசு கெஜட் மாதிரி அங்க இருக்குற ஃபெடரல் ரெஜிஸ்டர்ல நோட்டீஸ் வரணும், அதுல மணி நிமிஷத்தோட போட்டிருப்பாங்க, கப்பல்ல ஏற்கெனவே ஏறின சரக்குக்கு என்ன விதின்னும் கீழ பொடி எழுத்துல இருக்கும். மத்தவங்க தலைப்பைப் படிக்கிறப்போ நீங்க நேரா அங்க போங்க. நம்ம 50 சதவீதத்துல, ஆகஸ்ட் 27க்கு முன்னாடி கப்பல் ஏறி, செப்டம்பர் 17க்கு முன்னாடி அமெரிக்காவுல கஸ்டம்ஸ் முடிஞ்சா ரெண்டாவதா சேர்ந்த கூடுதல் 25 சதவீதம் கெடையாதுன்னு இருந்துச்சு. ஃப்ரெண்ட் இதை எனக்கு போன்ல படிச்சுக் காட்டினப்போ நான் "அப்பாடா, தப்பிச்சீங்க"ன்னேன். அவன் சிரிச்சான். தூத்துக்குடில ஏத்தி கொழும்புல மாத்தி நியூயார்க் போய்ச் சேர ஒரு மாசம் கிட்ட ஆகும்டா, கையில இருக்குறது 21 நாள், நீயே கணக்கு போட்டுக்கோன்னான்.